ஒரு போலீஸ்காரரின் சம்பளம், இரண்டு தணிக்கைகள்

ஆப்கானிஸ்தானின் போலீஸ்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்தவை பெரும்பாலும் வெளிநாடுகள்தான். 2002இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நிர்வாகத்தில் இதற்கென்றே ஒரு நிதியம் தொடங்கப்பட்டது. அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் என்று பலரும் அதில் பணம் போட்டார்கள். அந்தப் பணம் காபூலில் உள்துறை அமைச்சகத்தின் வழியாக மாகாணங்களுக்குப் போய், காவல் நிலையங்களில் பட்டுவாடா ஆனது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரின் சம்பளம்.

இந்த ஒரே செலவை இரண்டு கண்காணிப்பு அமைப்புகள் ஏழெட்டு ஆண்டு இடைவெளியில் ஆராய்ந்தன. ஒன்று, 'சிகார்' என்று அழைக்கப்பட்ட அமெரிக்க அமைப்பு. ஆப்கானிஸ்தான் மறுகட்டமைப்புக்கான சிறப்புத் தலைமை ஆய்வாளர் அலுவலகம். மற்றது 'ஐகாய்', அதாவது பிரிட்டனின் உதவித் தாக்கத்துக்கான சுதந்திர ஆணையம்.

2015 ஜனவரியில் வந்த சிகார் அறிக்கை சம்பளப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டது. வருகைப் பதிவை எழுதுவது யார், சரிபார்ப்பது யார், வங்கி இல்லாத ஊருக்குப் பணத்தைத் தூக்கிக்கொண்டு போவது யார்? பணியில் இருந்தவர்களைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அடையாள அட்டைகள் புழக்கத்தில் இருந்தது தெரிந்தது. சுமார் ஐந்தில் ஒரு போலீஸ்காரருக்கு முழுச் சம்பளம் கைக்கு வருமா என்பதே சந்தேகம். ஏனென்றால் அவர்களுக்கு அதை ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் 'நம்பகமான முகவர்' என்ற ஓர் இடையாள். அந்த நம்பகமானவர் பாதிவரை தன் பைக்குள் போட்டுக்கொள்ள வழியிருந்தது.

2022 நவம்பரில் வெளிவந்த ஐகாய் அறிக்கை வருகைப் பதிவேட்டுக்குள் அவ்வளவாகப் போகவில்லை. 2014க்கும் 2020க்கும் இடையில் பிரிட்டன் தன் வளர்ச்சி உதவிக் கணக்கிலிருந்து 25 கோடி பவுண்டுக்கு மேல் இந்தச் சம்பளத்துக்குக் கொடுத்திருந்தது. ஐகாய் கேட்டது வேறு: இந்தப் போலீஸ்காரர் என்ன வேலை பார்க்கிறார்? ஊரில் திருட்டு வழக்கை விசாரிக்கிறாரா, சோதனைச் சாவடியில் துப்பாக்கியோடு தாலிபானை எதிர்த்து நிற்கிறாரா? இரண்டாவது வேலைதான் பெரும்பாலும் நடக்கிறது என்றால், வறுமையைக் குறைக்க ஒதுக்கிய பணத்தில் அவருக்குச் சம்பளம் கொடுப்பது பொருந்தாத செலவு என்று ஆணையம் தீர்ப்புச் சொன்னது. இதை நிறுத்திவிடலாம் என்று வளர்ச்சித் துறைக்குள்ளேயே அதிகாரிகள் வாதாடியதையும், அரசின் மிக உயர்ந்த மட்டத்தில் அந்தப் பேச்சு எடுபடாமல் போனதையும் அறிக்கை பதிவுசெய்தது. வாஷிங்டனுடனான கூட்டணி அங்கே பெரிதாக நின்றது.

சிகாரின் அறிக்கைப்படி எல்லாம் சரிசெய்யப்பட்டு, ஒவ்வொரு டாலரும் ஒவ்வொரு உண்மையான போலீஸ்காரரின் வங்கிக் கணக்கில் விழுந்திருந்தாலும் ஐகாயின் ஆட்சேபணை அப்படியேதான் இருந்திருக்கும். மறுபக்கம், ஐகாய் ஏற்றுக்கொள்ளும்படியான அருமையான நோக்கத்துக்கே பணம் போயிருந்தாலும், இல்லாத ஆளின் பெயரில் சம்பளம் போவதை அந்த நோக்கம் தடுத்திருக்காது. வெளிநாட்டு உதவி மானியங்களைக் கண்காணிப்பது பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் ஒரே வேலையாக எண்ணிக்கொள்வது நம் வழக்கம். இரண்டும் வேறு வேறு வேலைகள். யாரிடம் எந்த வேலை போய்ச் சேர்ந்தது என்பதை அந்த அமைப்புகள் பிறந்த கதையே தீர்மானித்துவிட்டது.

சிகாரை உருவாக்கியது அமெரிக்க நாடாளுமன்றம். 2008 ஜனவரியில் கையெழுத்தான பாதுகாப்புச் செலவுச் சட்டத்தின் ஒரு பிரிவாக அது வந்தது. அதற்கு முன்னோடியாக ஈராக்கில் இதே மாதிரி ஓர் ஆய்வாளர் அலுவலகம் இருந்தது. பணம் காணாமல் போன கதைகள் அங்கிருந்து ஏற்கெனவே குவிந்திருந்தன. எனவே புதிய அமைப்புக்குக் கொடுத்ததும் போலீஸ் அதிகாரம்தான். சம்மன் அனுப்பலாம், கைது செய்யலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். உச்சத்தில் இருநூறு ஊழியர்கள் அளவில் இருந்தார்கள், அவர்களில் ஒரு பகுதியினர் காபூலிலேயே. ஆண்டுச் செலவு 5 கோடி டாலரைத் தாண்டியது. 160க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள்.

ஐகாய் பிறந்தது வேறொரு பதற்றத்தில். 2010இல் ஆட்சிக்கு வந்த கேமரன் அரசு மற்ற பல துறைகளின் செலவை வெட்டிக்கொண்டு, வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டுக்கு உயர்த்தப் போவதாகச் சொன்னது. கொதித்துப்போன பத்திரிகைகளுக்கும் சொந்தக் கட்சிக்காரர்களுக்கும் ஒரு பதில் வேண்டியிருந்தது. வளர்ச்சித் துறை அமைச்சர் ஆண்ட்ரூ மிட்செல் 2011இல் ஐகாயை அமைத்தார். ஒரு சில ஆணையர்கள், ஒரு சிறு செயலகம், ஆய்வுப் பணியை ஒப்பந்தத்தில் செய்துதரும் ஆலோசனை நிறுவனங்கள், சில மில்லியன் பவுண்டு பட்ஜெட். கைது செய்யும் அதிகாரம் கிடையாது. நாடாளுமன்றத்தின் பன்னாட்டு வளர்ச்சிக் குழுவிடம் அறிக்கை வைக்கும். அரசு ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஏற்றேன், பாதி ஏற்றேன், ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். பிறகு ஆணையம் திரும்பி வந்து என்ன செய்தீர்கள் என்று கேட்கும். திட்டங்களுக்குப் பச்சை, பச்சை-மஞ்சள், மஞ்சள்-சிவப்பு, சிவப்பு என்று நிறம் கொடுக்கும். ஆப்கானிஸ்தானுக்குக் கிடைத்தது மஞ்சள்-சிவப்பு.

நிறம் கொடுப்பதை லேசாக நினைக்க வேண்டாம். 2013 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவை மையமாகக் கொண்டு நடந்த ஒரு வணிக மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐகாய் சிவப்பு கொடுத்தது. அமைச்சர் ஜஸ்டின் கிரீனிங் அந்தத் திட்டத்தையே இழுத்து மூடினார். சிகாரின் கைதுகளில் எத்தனை ஒரு முழுத் திட்டத்தை நிறுத்தின என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

மானியம் என்ற ஏற்பாட்டின் உள்ளே போனால்தான் இந்த வேறுபாடு முழுதாகப் பிடிபடும். அரசு ஒரு பொருளை வாங்கினால் அது கொள்முதல். சரக்கு வரவில்லை என்றால் காசு இல்லை. மானியம் அப்படியில்லை. ஒரு பொது நோக்கத்துக்காக ஓர் அமைப்புக்குப் பணம் கொடுக்கப்படுகிறது. முயற்சி செய்வதுதான் அந்த அமைப்பின் கடமை, விளைவுக்கு அது உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்த வேறுபாட்டை எழுதியே வைத்திருக்கிறது. அரசு அதிகாரி அன்றாடம் தலையிடாவிட்டால் அது மானியம். கணிசமாகத் தலையிட்டால் கூட்டுறவு ஒப்பந்தம். இரண்டிலுமே விளைவைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. கேட்கக்கூடியது ஒன்றே ஒன்று: செலவு விதிப்படி நடந்ததா, ரசீது இருக்கிறதா?

ஆகவே மானியத் தணிக்கை இயல்பாகவே ரசீதின் பக்கம் சாய்கிறது. பெரிய அமைப்பு வாங்கி, தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியைத் துணை மானியமாகச் சிறிய அமைப்புக்குக் கொடுக்கும். அது இன்னொன்றுக்கு. கடைசியில் கந்தகாரில் வேலைக்கு ஆள் பிடிக்கும் ஒருவரிடம் கைரேகை வைத்த ஒரு தாள் இருக்கும். அந்தத் தாள் மேலே வாஷிங்டன்வரை பயணம் செய்ய வேண்டும். நம் ஊரில் அரசு மானியம் வாங்கிய எந்தத் தொண்டு நிறுவனத்தில் கேட்டாலும் பயன்பாட்டுச் சான்றிதழ் என்றால் என்ன பாடு என்று சொல்வார்கள். அங்கேயும் அதே பாடுதான், போர் நடக்கும் இடத்தில்.

சிகார் தனியார் கணக்குத் தணிக்கையாளர்களை அமர்த்தி இந்தத் தாள்களைப் பார்க்கவைத்தது. தகுதியற்ற செலவு, ஆதாரமற்ற செலவு என்று இரண்டு தலைப்புகளில் ஆட்சேபணைகள் எழுந்தன. 2021 வாக்கில் அப்படி ஆட்சேபிக்கப்பட்ட தொகை 50 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஆனால் ஆட்சேபிப்பதோடு தணிக்கையாளரின் வேலை முடிந்துவிடும். அந்தச் செலவை உண்மையில் தள்ளுபடி செய்து பணத்தைத் திருப்பிக் கேட்பதா வேண்டாமா என்பது மானியம் கொடுத்த துறையின் முடிவு. அந்தத் துறைகள் அதுவரை தள்ளுபடி செய்தது சுமார் 3 கோடி டாலர்தான்.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: சிகாரின் அதிகாரம் பெரிதாகத் தெரிந்ததே தவிர, மானிய விஷயத்தில் அது பெரிதாக இல்லை. கைவிலங்கு திருடனுக்குப் பயன்படும். ரசீதைத் தொலைத்த தொண்டு நிறுவனத்திடமிருந்து பணத்தை மீட்க அது உதவாது. ஆட்சேபிக்கப்பட்ட தொகையில் பெரும்பகுதிக்குப் பின்னால் ஆதாரம் வந்திருக்கலாம், அதிகாரி சமாதானமாகியிருக்கலாம். ஆனால் அந்த அதிகாரிதான் மானியத்தைக் கொடுத்தவர். திட்டம் சரியாகப் போகிறது என்று மேலே எழுதியவரும் அவரே.

நடந்த சேதத்தில் மோசடியின் பங்கும் நாம் நினைப்பது போல் இல்லை. 2020 அக்டோபரில் சிகார் தன் பத்தாண்டு வேலையைத் திரட்டிக் காட்டியது. பரிசீலித்த சுமார் 6,300 கோடி டாலரில் 1,900 கோடி, அதாவது முப்பது விழுக்காடு, வீணடிப்பிலும் மோசடியிலும் முறைகேட்டிலும் போயிற்று. இதில் மிகப் பெரும்பங்கு வீணடிப்பு. யாரும் திருடவில்லை, விதிப்படி, ரசீதோடு, கையெழுத்தோடு பயனில்லாமல் போன பணம். ஹெல்மண்டில் 3.6 கோடி டாலரில் 64,000 சதுர அடியில் கட்டி ஒருவரும் குடியேறாத இராணுவத் தலைமையகம். 54.9 கோடி டாலர் செலவில் 20 சரக்கு விமானங்களை வாங்கி, அவற்றில் 16ஐ உடைத்துப் பழைய இரும்பாகச் சுமார் 32,000 டாலருக்கு விற்ற கதை. இவை மானியங்கள் இல்லை, கொள்முதல்கள். ஆனால் மானியங்களிலும் இதே நோய் இருந்தது. அதற்கு அவிப்பா என்ற வேளாண்மைத் திட்டத்தைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2008இல் இதை ஒரு தொண்டு நிறுவனத்தோடு கூட்டுறவு ஒப்பந்தமாகத் தொடங்கியது. வறட்சியில் விதை கோதுமைக்கு வவுச்சர் கொடுப்பது நோக்கம்; 6 கோடி டாலர். அடுத்த ஆண்டு ஒபாமா கூடுதல் படைகளை அனுப்ப முடிவெடுத்ததும், ஹெல்மண்டிலும் கந்தகாரிலும் மக்கள் மனத்தை வெல்ல வேண்டும் என்று திட்டம் 36 கோடியாக ஊதியது. கால்வாய் தூர்வாரக் கூலி, பம்பு செட், கருவிகள். நவா என்ற மாவட்டத்தில் ஓராண்டுக்குள் சுமார் 3 கோடி டாலர் இறங்கியது. அங்கே மக்கள்தொகை ஏறத்தாழ 75,000. குழந்தை உட்படத் தலைக்கு 400 டாலர். அந்நாட்டின் தனிநபர் ஆண்டு வருமானத்தைவிட அதிகம். சம்பளம் கூடிய கூலி வேலைக்கு ஆள்கள் போனார்கள், சந்தை பெருகியது, பணம் நின்றதும் எல்லாம் நின்றது. இங்கே ரசீதைச் சரிபார்த்து என்ன கண்டுபிடிப்பது? மாதம் இவ்வளவு செலவாக வேண்டும் என்று மேலிருந்து வந்த கெடுதான் குற்றவாளி. எந்தத் தணிக்கையிலும் கெடுவுக்கு எதிராக ஆட்சேபணை எழுதும் பத்தி இருந்ததில்லை.

சிகார் இதை மெல்ல மெல்லக் கண்டுகொண்டது என்பதுதான் அதன் வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி. 2012இல் தலைமைக்கு வந்த ஜான் சாப்கோ சத்தமாகப் பேசுகிறவர். ஊடகங்களுக்கு எண்கள் பிடிக்கும் என்று தெரிந்தவர். சில எண்கள் அவரைக் கவிழ்த்தும் விட்டன. ஷெபர்கானில் ஓர் எரிவாயு நிரப்பு நிலையத்துக்கு 4.3 கோடி டாலர் ஆயிற்று என்ற செய்தி உலகம் சுற்றியது; பிறகு செனட் விசாரணையில் பென்டகன் அதிகாரிகள் அந்தக் கணக்குப் போட்ட முறையையே கேள்வி கேட்டார்கள். ஆனால் 2014இல் அதே சாப்கோ 'கற்ற பாடங்கள்' என்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான அதிகாரிகளை நேர்கண்டு, ரசீதை விட்டுவிட்டு முடிவுகளைப் பற்றி எழுதத் தொடங்கியது அந்தப் பிரிவு. வேகமாகச் செலவிடச் சொன்னதே ஊழலையும் பகையையும் வளர்த்தது என்று 2018 மே மாத அறிக்கை சொன்னது. ஐகாய் கேட்டிருக்கக்கூடிய கேள்விக்குச் சிகார் வந்து சேர்ந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்த நேர்காணல்களைக் கண்காணிப்பாளரே பூட்டி வைத்திருந்தார். வாஷிங்டன் போஸ்ட் இரண்டு முறை வழக்குப் போட்டுத்தான் அவற்றை வாங்கி, 2019 டிசம்பரில் 'ஆப்கானிஸ்தான் ஆவணங்கள்' என்று வெளியிட்டது. அறிக்கையில் பதமாக வந்த பல விஷயங்கள் நேர்காணலில் பச்சையாக இருந்தன.

ஐகாயும் இதே திசையில்தான் நடந்தது. 2012 மார்ச்சில் ஆப்கானிஸ்தானைப் பற்றி அது எழுதிய முதல் அறிக்கை நிதிக் கட்டுப்பாடுகளைப் பற்றியது. பணம் எங்கெல்லாம் கசியக்கூடும் என்பதைத் திட்டம் தீட்டும்போதே துறை போதுமான அளவு யோசிப்பதில்லை என்பது அதன் குறை. பத்தாண்டு கழித்து அதே நாட்டைப் பற்றி எழுதும்போது அந்தக் கேள்வி பின்னுக்குப் போய், ஏன் கொடுத்தோம் என்ற கேள்வி முன்னால் வந்துவிட்டது. நியாயமான நகர்வு. ஆனால் எப்போது? 2000 முதல் 2020 வரையான 350 கோடி பவுண்டும் செலவாகி, காபூல் தாலிபான் கைக்குப் போய் ஓராண்டு ஆன பிறகு.

இரண்டு பேரும் ஒரே சுவரில் முட்டிக்கொண்ட இடமும் உண்டு. உலக வங்கி நிர்வகித்த ஆப்கானிஸ்தான் மறுகட்டமைப்பு அறக்கட்டளை நிதியத்தில் 34 நாடுகளும் அமைப்புகளும் பணம் போட்டன. அமெரிக்காவும் பிரிட்டனும் முன்வரிசையில். ஒரு நாட்டின் பணம் அதில் விழுந்த பிறகு அது எந்தச் செலவுக்குப் போயிற்று என்று உலக வங்கியாலும் சொல்ல முடியாது, யுஎஸ்எய்டாலும் சொல்ல முடியாது என்று 2018இல் சிகார் எழுதியது. கூட்டு நிதியத்தின் வசதியே அதுதானே: பொறுப்பும் கூட்டாகிவிடுகிறது. பிரிட்டனின் ஆப்கன் உதவியில் கணிசமான பகுதி இதே நிதியத்தின் வழியாகப் போனதால் ஐகாயும் கரையில் நின்றே பார்க்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஐகாயின் 2023 மார்ச் அறிக்கை சுவையாக இருக்கும். 2015க்குப் பிறகு இந்தியாவுக்கு மரபான உதவி இல்லை என்று லண்டன் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 2016 முதல் 2021 வரை பெரும்பாலும் முதலீடாகவும் பன்னாட்டு அமைப்புகள் வழியாகவும் சுமார் 230 கோடி பவுண்டு வந்திருப்பதை அது காட்டியது. சிதறலாக, தெளிவான காரணம் இல்லாமல் செலவாகிறது என்பது குற்றச்சாட்டு. ரசீதை மட்டும் பார்க்கும் தணிக்கைக்கு இப்படி ஓர் அறிக்கை எழுதத் தோன்றியிருக்காது.

கண்காணிப்பாளரை யார் நீக்கலாம் என்பதில் சிகார் பாதுகாப்பானது என்று நீண்ட காலம் நினைத்திருந்தோம். அது சட்டத்தால் பிறந்தது அல்லவா. 2025 ஜனவரி 24 இரவில் டிரம்ப் சுமார் பதினேழு தலைமை ஆய்வாளர்களை ஒரே வீச்சில் நீக்கினார். சாப்கோவும் அதில் இருந்தார். 30 நாள் முன்னறிவிப்பைச் சட்டம் கேட்கிறது. நீக்கப்பட்டவர்களில் எட்டுப் பேர் தொடுத்த வழக்கில் அது சட்டமீறல் என்று நீதிமன்றம் சொன்னது, ஆனால் மீண்டும் பதவியில் அமர்த்தவில்லை. 2025 பிப்ரவரியில் யுஎஸ்எய்டின் தலைமை ஆய்வாளர் பால் மார்ட்டின், ஆள்குறைப்பால் 820 கோடி டாலர் உதவிக்குக் கண்காணிப்பு இல்லாமல் போகிறது, 48.9 கோடி டாலர் உணவு கெட்டுப்போகும் நிலையில் இருக்கிறது என்று அறிக்கை விட்டார். மறுநாள் அவருக்கும் வேலை போயிற்று. சிகாரின் ஆயுளையே சட்டம் 2026 ஜனவரி 31 என்று முடித்துவைத்தது. ஐகாய் என்ற பெயர் எந்தச் சட்டத்திலும் இல்லை; 2015ஆம் ஆண்டுச் சட்டம் உதவிச் செலவுக்குச் சுதந்திரமான மதிப்பீடு வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. 2020இல் அமைச்சர் டொமினிக் ராப் அதன் எல்லையை மறுபரிசீலனைக்கு விட்டபோதே கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். அப்போது அது தப்பித்தது.

இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் ஐகாயைத் தேர்வேன். அதன் கேள்வி மானியம் வாங்கியவரைவிடக் கொடுத்தவரை நோக்கி இருக்கிறது என்பதால். ஆனாலும் இருவருமே பணத்துக்குக் கையெழுத்தான பிறகு வருகிறவர்கள். கையெழுத்துக்கு முன்னால் தடுக்கும் ஓர் ஏற்பாடு பிரிட்டனில் ஏற்கெனவே இருக்கிறது, அமெரிக்காவில் அதற்கு நேரான ஒன்று இல்லை. பிரிட்டனில் துறைச் செயலரே கணக்கு அதிகாரியும் ஆவார். ஒரு செலவு பணத்துக்குத் தகாதது என்று அவர் கருதினால் அமைச்சரிடம் எழுத்துபூர்வ உத்தரவு கேட்கலாம்.

1991இல் மலேசியாவின் பெர்காவ் அணைக்கு உதவி கொடுக்கும் விஷயத்தில் செயலர் டிம் லங்கெஸ்டர் அதைத்தான் செய்தார். மின்சாரத்துக்கு அது மிக விலை கூடிய வழி என்றார். ஆயுத விற்பனைப் பேச்சோடு பின்னிக்கிடந்த வாக்குறுதி அது. வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் கொடு என்று எழுதிக் கொடுத்தார். 23.4 கோடி பவுண்டு. 1993இல் தேசியத் தணிக்கை அலுவலகம் அந்தக் கடிதப் போக்குவரத்தை வெளியே கொண்டுவந்தது. 1994 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உதவி சட்டத்துக்குப் புறம்பானது என்றது. வறுமைக் குறைப்புக்கே உதவி என்று எழுதிய 2002ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும், அதை வைத்து ஐகாய் ஆப்கன் போலீஸ் சம்பளத்தைக் கேள்வி கேட்டதற்கும் வழி போட்டது அந்தத் தீர்ப்புதான். தீர்ப்புக்குப் பிறகும் அணைக்கான தவணைகள் நிற்கவில்லை. உதவிக் கணக்கை விட்டுவிட்டு, கருவூலத்தின் கையிருப்பிலிருந்து போயின.